நடந்து வந்த ஆடுகளின் ரத்தம்

அந்தப் பெட்டியை அங்கே வைக்காதே தம்பி, நிழல் நகந்துடும். இந்தப் பக்கம் மரத்தூரை ஒட்டி வை. ஐஸ்கட்டி எத்தனை நாள் தாங்கும்? ரெண்டு நாளா? சரி சரி. போன மழைக்கு வந்த ஆட்டு டாக்டரும் ரெண்டு நாளுன்னுதான் சொன்னாரு. வண்டி சேத்துல மாட்டி நாலு நாள் கெடந்துச்சு. அவரு பெட்டியைத் தொறந்து பாத்தப்போ உள்ளே வெந்நிதான் இருந்துச்சாம்.

உக்காரு. பாய் சுத்தமாத்தான் இருக்கு, பேன்ட்டைத் தட்டாதே. இந்தா, டீ குடி. ஏன் வாங்கத் தயங்குறே, கோப்பைக்குள்ள விரலை விட்டேன்னா? சூடு பாத்தேன். பாலு பொங்கப் பொங்கக் காச்சினதுதான், பயப்படாதே. முந்தியெல்லாம் ஒட்டகப் பாலைக் காச்சினா எங்க ஆளுங்க சிரிப்பாங்க, இதென்ன நகரத்துப் பழக்கம்னு. இப்பவும்தான் சிரிக்கிறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.

காதன்னு பேரு வெச்சுக் கூப்பிட்டா உனக்குக் கோவம் வருதாக்கும். உன் பேரு டாக்டர் கெய்னான், எனக்குத் தெரியும், வந்ததும் சொன்னே. ஆனா இங்கே பெத்தவங்க வெச்ச பேரு பள்ளிவாசல்லயும் குழிமேட்டுலயும்தான். மத்தபடி ஆளைப் பாத்து நாங்க ஒண்ணு வெப்போம். எம் புருஷன் பூலே, அவருக்கு ஓட்டைப்பல்லுன்னு பேரு. எங்கொழுந்தன் தகானே, தாடியில எண்ணி மூணு முடி, அவன் மூணுமுடி. என் பேரு பர்வாகோ, எவனாவது கூப்பிடுறானா? வாய்நீளம். நீ சோமாலிதானே, நைரோபியில வளந்துட்டா மறந்து போச்சா? உன் காது ஒண்ணும் பெரிசில்லையா? இருக்கலாம். எனக்கு அதுதான் தெரியுது, அதைத்தான் வெப்பேன்.

ஆமா, முள்ளுமரத்தைப் பாத்துக்கிட்டுத்தான் பேசுறேன். உன் டிரைவர் போதைக்கு மிரா இலையை மென்னுக்கிட்டே உன்கிட்ட முணுமுணுத்தானே, இந்தம்மாவுக்கு மரியாதை தெரியலேன்னு, கேட்டுச்சு. இங்கே எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. புருஷன் மவுத்தானதுலேருந்து பர்வாகோவுக்குத் திமிரு ஏறிப்போச்சு, எவன் மூஞ்சியையும் நேரா பாத்துப் பேச மாட்டேங்குறான்னு. திமிருதான். வெச்சுக்கோ.

என்னத்தை எழுதுறே அந்தத் தாள்ல? வீட்டுல வேற யாருக்காவது காச்சல் வந்துச்சான்னா? எனக்கு வந்துச்சு, போன மழையில. நாலு நாள். தலைவலி மண்டையைப் பொளந்துச்சு. இப்ப இல்லே. எழுதிக்கோ, வந்துச்சு, போயிடுச்சு. கட்டம் சின்னதா இருக்குமே, அதுல அவ்வளவுதான் எழுத முடியும்.

என்னது?

ஆடுங்களை இங்கே ஓட்டிக்கிட்டு வரணுமா? மரத்தடிக்கா? வரிசையா நிறுத்தணுமா?

அடப்பாவி, நீயுமா! காலேஜுல உங்களுக்கு இதைத்தான் சொல்லித் தர்றாங்களா, நிழல் பாத்து உக்காருன்னு? நீளக்கழுத்தும் இதே மரத்தடியிலதான் உக்காந்தாரு. அதாம்ப்பா, போன தடவை வந்த டாக்டர். கழுத்து ஒட்டகச்சிவிங்கி மாதிரி, அதை வெச்சுக்கிட்டு எட்டிப் பாத்தாவாவது பட்டிக்குள்ள என்ன கெடக்குன்னு தெரிஞ்சிருக்கும். பாக்கலையே. ஷூவுல சேறு ஒட்டிடும்ல. இதே பாய்தான், இதே மாதிரி பெட்டி, இதே மாதிரி செவப்பு மூடி போட்ட குப்பிங்க. முப்பது ஆட்டை ஓட்டிக்கிட்டு வாங்கன்னாரு. எங்க ஆளுங்களும் கூறுகெட்டதுங்க, டாக்டர் சொல்லிட்டாருன்னு ஓட்டிக்கிட்டு வந்தாங்க. எந்த ஆடு வந்துச்சு சொல்லு? நடக்க முடிஞ்ச ஆடு வந்துச்சு. கொதிச்சுப் போய்க் கெடந்தது எதுவும் வரலே, அதுங்க எப்படி வரும்? முப்பது நல்ல ஆட்டோட ரத்தத்தை எடுத்துக் குப்பியில அடைச்சு, நம்பர் போட்டு, கைகழுவி, டீ குடிச்சுட்டுப் போயிட்டாரு. பேரீச்சம்பழம் வேற கேட்டு வாங்கித் தின்னாரு.

நான் சொன்னேன். அவரு முன்னாடி நின்னு சொன்னேன். ஐயா, பட்டியில பதினாலு கெடக்குது, மூக்குல ரத்தம் வடியுது, எல்லாச் செனை ஆடும் மாசம் நெறையாமலே குட்டி வீசிக்கிட்டு இருக்கு, ரெண்டு மாசச் செனை, நாலு மாசச் செனைன்னு வித்தியாசமே இல்லாம, ஒரே வாரத்துல. பொறந்த குட்டிங்க பால் குடிக்கிறதுக்குள்ள சாவுது. இது சன்டிக்தான், மூக்குரத்தம், எங்க அப்பன் காலத்துலயும் வந்துச்சுன்னேன். சிரிச்சாரு. அம்மா, ஆட்டுக்கு நூறு வியாதி இருக்கு, குட்டி வீசுறதுக்கு இருபது காரணம் இருக்குன்னாரு. பூச்சி மருந்து குடுத்தீங்களான்னு கேட்டாரு. கெட்ட தண்ணி குடிச்சிருக்கும்னாரு. ஆட்டுக் கொள்ளைநோயா இருக்கலாம்னாரு. எதுவா வேணா இருக்கலாமாம், நான் சொன்னது மட்டும் இருக்கக் கூடாதாம்!

ஏன் இருக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்ல? அந்தப் பேரைச் சொன்னா சந்தையை மூடணும். லாரி நிக்கும். மேலே இருக்கறவன் போன் போட்டுத் திட்டுவான். அதனால அந்தப் பேரை மட்டும் வாயில வெக்கக் கூடாது. நீயும் அதைத்தானே நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கே? ஏன் கனைக்கிறே, டீ தொண்டையில மாட்டிக்கிச்சா?

கொசு எங்கிருந்து வருதுன்னாவது உனக்குத் தெரியுமா? புத்தகத்துல படிச்சிருப்பே. சரி, கேட்டுக்கோ, நான் படிக்காதவ சொல்றேன். ஆறு பெருகி வந்து போற தண்ணியில இல்லே. மழை பேஞ்சு பள்ளத்துல தேங்கி நிக்குது பாரு, வருசக்கணக்கா காஞ்சு கெடந்த பள்ளம், அதுல. அந்த மண்ணுக்குள்ளயே முட்டை தூங்கிக்கிட்டு இருக்கும் போலிருக்கு. தண்ணி நின்னு பத்து நாளாச்சுன்னா பொழுது சாயறப்போ ஒரு சத்தம் வரும். தூரத்துல லாரி வர்ற மாதிரி. வராது. அது லாரி இல்லே. ஆடு தலையைத் தரையில குத்திக்கிட்டு ஒண்ணுக்கடியில ஒண்ணு நுழையும், ஒட்டகம் புகையைத் தேடி நெருப்புகிட்ட வந்து நிக்கும். அது கழிஞ்சு ஒரு வாரம். அப்பறம் குட்டி வீச ஆரம்பிக்கும். எங்க அப்பன் எண்ணிச் சொல்லுவாரு, ஒரு நாள் முன்னப்பின்ன இருக்காது. இந்தத் தடவை அந்தச் சத்தம் வந்து ஒம்பது நாள் ஆச்சு. நேத்து ஆறு ஆடு வீசிடுச்சு. இன்னிக்குக் காலையில ரெண்டு.

தெரியும், தெரியும், இதெல்லாம் அடையாளம்தான், நிச்சயம் இல்லே. ஆய்வுக்கூடம் சொல்லணும். பன்னெண்டு நாள் ஆகும். நீளக்கழுத்துக்கும் பன்னெண்டு நாள்தான் ஆச்சு.

அந்தப் பன்னெண்டு நாள் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? கூடாரம் கூடாரமா போய் நின்னேன். நோவு ஆட்டை அறுக்காதீங்க, அறுக்காதீங்கன்னு. உனக்குத் தெரியாததில்லே. ஒரு ஆடு சாகக் கெடந்தா எங்க ஆளுங்க என்ன பண்ணுவாங்க? மூச்சு போறதுக்குள்ள அறுத்துடணும். தானா செத்தா ஹராம், நாய்க்குத்தான். கழுத்து சாயறப்போ பிஸ்மி சொல்லிக் கத்தியை வெச்சுட்டா கறியாச்சு. வருசம் பூரா மேய்ச்சு வளத்த ஆட்டை நாய்க்குப் போட எவனுக்கு மனசு வரும்? இருந்தாலும் நான் கத்தினேன். ரத்தம் கையில படக் கூடாது, எங்க அப்பன் காலத்துல அறுத்தவங்கதான் செத்தாங்கன்னேன். வாய்நீளம் கத்துறா, கத்தட்டும்னாங்க, ஆனா கேட்டாங்க. பன்னெண்டு நாள் ஒருத்தனும் கத்தி எடுக்கலே. பதினெட்டு ஆடு தானா செத்துச்சு, இழுத்துக்கிட்டுப் போய்ப் பொதைச்சோம்.

பதிமூணாம் நாள் பேப்பர் வந்துச்சு.

முத்திரை குத்தின பேப்பர். தகானே படிச்சுக் காட்டினான், அவனுக்குத்தான் படிப்பு வரும், நாலு வருசம் பள்ளிக்கூடம் போனவன். முப்பது ஆட்டு ரத்தம் பாத்தாச்சு, சந்தேகப்பட்ட வியாதி இல்லே. இல்லேன்னு போட்டிருந்துச்சுப்பா! நல்ல ஆட்டோட ரத்தத்தை, அதையும் வெந்நியில ஊற வெச்சுப் பாத்தா வியாதி எங்கேருந்து இருக்கும்? உன் ஆய்வுக்கூடத்தை நான் குத்தம் சொல்லலே. அவங்க குப்பியில என்ன வந்துச்சோ அதைப் பாத்தாங்க. குப்பியில என்ன போச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பேப்பரை தகானே பிளாஸ்டிக் உறையில போட்டு இன்னும் சட்டைப் பையில வெச்சிருக்கான். தாயத்து மாதிரி. நீ போனா அதைத்தான் முதல்ல நீட்டுவான்.

சிரிக்காதே. நானும் நம்பினேன்.

ஆமா, நான்தான். வாய்நீளம்தான். ஊரே என்னைப் பாத்துச் சிரிச்சுது, பன்னெண்டு நாள் எங்க கறியை மண்ணுல போட வெச்சாளேன்னு. எனக்கு வெக்கமாப் போச்சு. அரசாங்கத்துப் பேப்பர் சொல்லுது, மிசினு சொல்லுது, நான் யாரு, ஆடு மேய்க்கிறவ. என் கண்ணால பாத்ததை விட்டுட்டு அந்தப் பேப்பரை நம்பினேன். அன்னிக்கு சாயங்காலம் என்னோட ஆடு, நல்ல கருந்தலை ஆடு, மூணு ஈத்து ஈன்னது, கழுத்து சாஞ்சுது. எம் புருஷன் தயங்கினாரு. அந்த மனுசன் தயங்கினாருப்பா. நீதானே வேணாம்னே, இன்னும் ரெண்டு நாள் பாப்போமேன்னாரு. நான்தான் கத்தினேன், மூச்சு போயிடப் போகுது, அறுய்யா, சட்டுனு அறுய்யான்னு. அறுத்தாரு. ரத்தம் முழங்கை வரைக்கும். நான் குடலைக் கழுவினேன்.

எட்டாம் நாள் அவருக்குப் பல்லுக்கு நடுவுலேருந்து ரத்தம். ஓட்டைப்பல்லுன்னு பேரு வெச்சோம் பாரு, அந்த ஓட்டை வழியா நிக்காம வந்துச்சு. ரோடு இல்லே, எல்லாம் தண்ணி. கழுதை வண்டியில போட்டு டானா ஆத்தங்கரை வரைக்கும் கொண்டு போனோம், அங்கேருந்து படகு. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்க. ரெண்டு நாள்ல மையத்து.

அவரு ரத்தத்துல இருந்துச்சு. கேட்டுக்கோ, காதா. முப்பது ஆட்டுல கெடைக்காதது ஒரு மனுசன்ல கெடைச்சுடுச்சு. நீளக்கழுத்தால கண்டுபிடிக்க முடியாததை எம் புருஷன் செத்துக் கண்டுபிடிச்சுக் குடுத்தாரு. ஆட்டு வியாதிக்கு ஆட்டைப் பாக்காம மனுசன் சாவற வரைக்கும் காத்திருந்து பாக்குறதுக்கு உங்களுக்கு எதுக்கு காலேஜு, எதுக்கு வண்டி, எதுக்குப் பெட்டி?

பேசு. என்னத்தை முணுமுணுக்குறே? நீ அவரு இல்லேங்குறியா? அதை நீதான் காட்டணும். இதுவரைக்கும் நீ பாயிலதான் உக்காந்திருக்கே.

ஆஸ்பத்திரிக்காரங்க போன்ல சொன்னாங்க, என்கிட்ட. பேப்பர் குடுக்கலே. ஆட்டுக்குப் பேப்பர் வந்துச்சு, மனுசனுக்கு வரலே. அதைத்தான் தகானே பிடிச்சுக்கிட்டான். அண்ணனுக்கு வேற ஏதோ காச்சல், ஆடு சுத்தம், இதோ பேப்பர்ங்குறான். ரேடியோவுல அந்த வியாதி பேரைச் சொன்னப்போ மழை நின்னு, கொசு செத்து, எல்லாம் முடிஞ்சு போச்சு. அது வேற ஊருக்குச் சொல்றாங்கன்னுட்டான். அவனை என்ன சொல்ல? முத்திரை இருக்கறதை நம்புறான். உங்க ஆளுங்க குத்தின முத்திரைதானே.

இப்ப நல்லாக் கேட்டுக்கோ. வெயிலு என் கால் கட்டைவிரலுக்கு வந்தாச்சு. கணுக்காலுக்கு வந்தா அஸர் தொழுகை நேரம். அஸர் தொழுதுட்டு தகானே அஞ்சு ஆட்டை அறுக்கப் போறான். நோவு ஆடு அஞ்சு, தனியாக் கட்டி வெச்சிருக்கான், அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம். கத்தி தீட்டுற சத்தம் காலையிலயே கேட்டுச்சு. குடலைக் கழுவப் போறது ஷுக்ரி. அவன் பொண்டாட்டி. இருபது வயசு, ஆறு மாசம் முழுகாம இருக்கா. நான் சொன்னேன் அவகிட்ட, கை வைக்காதேடின்னு. அக்கா, அவரு பேப்பர் இருக்குன்னு சொல்றாரே, நான் மாட்டேன்னா அடிப்பாருங்குறா. நீ ஆடு ஒவ்வொண்ணா குட்டி வீசுறதைத்தான் தாள்ல எழுதுறே. அவளுக்கு என்ன ஆகும்னு எழுதக் கட்டம் இருக்கா அதுல?

ரிசல்ட் வராம சொல்லக் கூடாதுன்னு விதி. ம். விதி. அந்த விதியை எழுதினவன் கையில எப்பவாவது ஆட்டு ரத்தம் பட்டிருக்குமா?

நான் உன்னை வியாதி பேரு சொல்லச் சொல்லலே தம்பி. சந்தையை மூடச் சொல்லலே. பன்னெண்டு நாளோ இருபது நாளோ உன் மிசினு சொல்றப்போ சொல்லட்டும். இப்ப ஒரு வார்த்தை. தகானே, கத்தியைக் கீழே வை. அவ்வளவுதான். என் ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரும் அறுக்காதீங்கன்னு சொல்லு. நான் சொன்னா அது வாய்நீளம் சொன்னது. நீ சொன்னா டாக்டர் சொன்னது. உன் சட்டையில பேரு குத்தியிருக்குல்ல, அந்தத் தகரத்துக்கு இருக்கற மரியாதை எனக்கு இங்கே இல்லே.

அப்பறம் ரத்தம் எடு. மரத்தடியில இல்லே. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் போ, முள்ளுப் பட்டிக்குள்ள குனிஞ்சு போ, கெடக்கறதுல எது கொதிக்குதோ அதுல எடு. சூடு அடிக்கிற நாலஞ்சு நாளைக்குத்தான் ரத்தத்துல அந்த எழவு இருக்குமாம், ஆஸ்பத்திரிக்காரம்மா சொன்னாங்க. சூடு பாக்குற உன் கண்ணாடிக் குச்சியை வெக்கறதுக்கு முந்தி காது மடலைப் பிடிச்சுப் பாரு, உனக்கே தெரியும். இன்னிக்கு வீசின குட்டியில ஒண்ணை சாக்குல சுத்தி, தண்ணிப் பானைக்கு அடியில ஈரமணல்ல பொதைச்சு வெச்சிருக்கேன். ரெண்டு கையிலயும் பிளாஸ்டிக் பை கட்டிக்கிட்டுத்தான் எடுத்தேன், மொறைக்காதே. அதோட ஈரலை எடுத்துக்கோ. வியாதியால குட்டி ஈரல்ல ஒளிய முடியாதாம். பாரு, ஒரு ஆடு மேய்க்கிறவ உனக்கு எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கேன். நீ எந்திரிச்சு வந்தா போதும்.

இன்னும் என்ன? யோசிக்கிறியா? யோசி. டீ ஆறிடுச்சு, வேற ஊத்தவா?

என்ன கேட்டே?

அந்த அஞ்சு ஆட்டுக்கும் மூக்குல ரத்தம் வடியறதை உன் கண்ணால பாத்தியான்னா?

பாக்கலே.

தொட்டுப் பாத்தேன். அஞ்சுக்கும் மூக்குல விரலை வெச்சு... ஆமா, பை கட்டிக்கிட்டுத்தான்... விரலை வெச்சு மோந்து பாத்தேன். ரத்தவாடை. மூணுக்கு நல்லா ஒழுகுது, ரெண்டுக்குக் காஞ்சு பொறுக்குத் தட்டியிருக்கு. காது அஞ்சும் கொதிக்குது. ஒண்ணு நிக்கும், மத்தது நாலும் படுத்துடுச்சு. செவப்பா வடியுதா, தண்ணியா வடியுதான்னு கேட்டின்னா, அதை நீதான் வந்து பாக்கணும். எனக்குத் தெரியாது.

ஏன்னா? கண்ணு போயிடுச்சுப்பா. அதுதான்.

கத்தாதே, உன் டிரைவருக்குக் கேக்கப் போகுது. எனக்கு வந்த அந்த நாலு நாள் காச்சல் இருக்கே, அது விட்டுப் பதினஞ்சாம் நாளு. காலையில எந்திரிச்சேன், நடுவுல ஓட்டை. ரெண்டு கண்ணுலயும். நேராப் பாத்தா அந்த எடத்துல ஒண்ணுமே இல்லே, சாம்பல் கொட்டின மாதிரி. ஓரம் மட்டும் இருக்கு. ஓரத்தை வெச்சு நடக்கலாம், ஆட்டை மடக்கலாம், டீ ஊத்தலாம், விரலை விட்டுத்தான். கண்ணு சொன்னதை விட்டுட்டுப் பேப்பரை நம்பினேன்ல, கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு.

யாருக்கும் தெரியாது. ஷுக்ரி ஊசியில நூல் கோத்துக் குடுக்கறப்போ ஒரு மாதிரி நிப்பா, கேக்க மாட்டா. தகானேவுக்குத் தெரிஞ்சா மறுநாளே குருட்டுப் பொம்பளைக்கு எதுக்கு ஆடுன்னு மந்தையை ஓட்டிக்கிட்டுப் போயிடுவான். அது போனாலும் போகட்டும். குருடி சொல்றா மூக்குரத்தம்னு, இவ எதைப் பாத்தான்னு கேப்பான். அப்பறம் எவன் நம்புவான்? இப்பவே உன் கண்ணால பாத்தியான்னு நீ கேட்டியே.

அதனாலதான் திமிருன்னு சொல்லட்டும்னு விட்டுட்டேன். உன் முகத்தை நேராப் பாத்தேன்னா நீ இல்லே. பாயும் இருக்கு, பெட்டியும் இருக்கு, உன் முட்டியும் இருக்கு, நடுவுல ஆளு இல்லே. அந்த முள்ளுமரத்தைப் பாத்தாத்தான் ஓரத்துல ஒரு காது வருது. வந்ததுலேருந்து உன்கிட்ட நான் பாத்தது அது ஒண்ணைத்தான். வேற என்ன பேரு வெக்கச் சொல்றே?

திமிரும் இருக்கு. அது வேற. உங்க மேல எனக்கு இருக்கற வெறுப்பு கண்ணு இருந்தாலும் இருக்கும்.

எந்திரிச்சுட்டியா? பாயி சத்தம் போடுது. பெட்டியை டிரைவரைத் தூக்கச் சொல்லு. கிளவுஸ் ரெண்டு ஜோடி எடு, ஒண்ணு ஷுக்ரிக்கு. அந்தத் தாளையும் எடு. எங்காச்சல் வந்துச்சு, போயிடுச்சுன்னு எழுதினே பாரு, அதுல போயிடுச்சுங்கறதை அடிச்சுடு. எம் பேரு போட வேணாம். வேறென்ன வேணும்னாலும் போட்டுக்கோ.

சீக்கிரம் வா, கணுக்கால் சுடுது. என் இடது பக்கமா நட. அங்கே நான் மூணுமுடித் தகானேவைப் பாக்காம எங்கேயோ பாத்துக்கிட்டு நிப்பேன், நீ கண்டுக்காம உன் பேச்சைப் பேசு. அவன் முகத்தை நேராப் பாத்துப் பேசு தம்பி. நம்ம ரெண்டு பேர்ல அது உன்னாலதான் முடியும்.